இறங்குமுகத்தில் நின்ற ஜீப்

ஜீப் எல்லோர் கையிலும் ஓடியது. அவள் கையில் மட்டும் ஓடவில்லை.

ஓடவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காலையில் வீட்டு வாசலில் சாவியைத் திருகினால் உடனே உறுமும். அடிவாரத்தில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு, மலைமேல் நீர்த்தொட்டி கட்டுகிற இடம்வரை முனகாமல் ஏறும். சாயங்காலம் ஆட்களைக் கீழே கொண்டுபோக மறுபடி சாவியைப் போடும்போதுதான் அடம் பிடிக்கும். அதுவும் தினமும் இல்லை. சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. எந்த நாள் எப்படி என்று அதற்கே தெரியாததுபோல் இருந்தது.

ஓடாத நாளில் ஸ்டார்ட்டர் மட்டும் கர்ர் கர்ர் என்று சுற்றும். இன்ஜின் பிடிக்காது. மீட்டருக்குப் பக்கத்தில் குண்டுமணி அளவு சிவப்பு விளக்கு ஒன்று படபடவென்று கண்ணடிக்கும். அவள் சாவியைப் பிடுங்குவாள், போடுவாள், மறுபடி பிடுங்குவாள். பின்னால் சிமெண்டுத் தூசியோடு உட்கார்ந்திருக்கும் ஆட்கள் கொட்டாவி விடுவார்கள்.

"அக்கா, அது உங்களைப் பாத்துத்தான் கண்ணடிக்குது. நீங்களும் ஒரு தடவை பதிலுக்கு அடிச்சுப் பாருங்க" என்பான் ஒருத்தன்.

ஏதாவது ஒரு தடவையில் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் பிடிக்கவே இல்லை. ஆட்கள் நடந்தே இறங்கினார்கள். மறுநாள் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. மேஸ்திரி அவளை விட்டுவிட்டு அவள் கணவனுக்குப் போன் போட்டார்.

வண்டி கணவனுடையது. பழைய டீசல் ஜீப். கதவு மூடும்போது பாத்திரக்கடை சரிந்ததுபோல் சத்தம் வரும், ஆனால் ஏறாத மேடு கிடையாது. அதன் கூரையில் கம்பிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்து அவன் காலை உடைத்துக்கொண்டான். இடுப்புக்குக் கீழே ஒரு பக்கம் முழுக்க மாவுக்கட்டு. ஆட்களை மேலே கொண்டுபோகிற வேலையை விட்டால் வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். ஜீப்பை ஷெட்டிலிருந்து குழாயடிவரை நகர்த்திக் கழுவுவதற்காக அவளுக்கு அவன் ஓட்டச் சொல்லிக் கொடுத்திருந்தான். அதற்கப்புறம் அவள் லைசென்ஸும் எடுத்திருந்தாள். எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

"கொஞ்ச நாளைக்கு நீ ஓட்டு. வேற வழியில்ல" என்றான் கணவன்.

வேற வழியில்ல என்பதைத்தான் அவன் அழுத்திச் சொன்னான். அவளுக்கு முதல் பாதி மட்டும் கேட்டது.

மலைப்பாதை அவளுக்கு நன்றாகப் பிடித்திருந்தது. எந்த வளைவில் கிளட்சைத் தொடக்கூடாது, எந்தப் பாறைக்கு இடப்பக்கம் சக்கரத்தைக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே காலுக்கும் கைக்கும் படிந்துவிட்டது. ஏறி இறங்கும்வரை அவளை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. வீட்டில் அப்படி ஒரு மணி நேரம் கிடைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒயரிங்காரரை வரவழைத்தார்கள். ஊரில் அவருக்கு மின்னல் என்று பெயர். ஒரு திருகாணியைக் கழற்ற அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்து யாரோ வைத்தது. வந்ததும் டீ குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். பிறகு சாவி கேட்டார்.

அவள் சாவிக்கொத்தை நீட்டினாள். அது மாமியாருடைய கொத்து. கையில் வளையலாகப் போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பெரிய இரும்பு வளையம். கேட், பீரோ, ஷெட், டிரங்குப் பெட்டி, தண்ணீர் மோட்டார் ரூம் என்று வீட்டில் உள்ள பூட்டெல்லாம் அதில் தொங்கியது. முன்பு ஒரு தடவை பீரோ சாவி தொலைந்து, கதவை நெம்பித் திறந்ததிலிருந்து, இந்த வீட்டில் ஒரு சாவியும் தனியாகத் திரியக்கூடாது என்பது மாமியாரின் சட்டம். மகன் மட்டும் அதற்கு விலக்கு. அவன் ஜீப் சாவியைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்வான். இரண்டாவது சாவி பீரோவில் கிடக்கும். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கயிற்றிலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்ட முதல் சாவி சட்டையோடு காணாமல் போய், பீரோவிலிருந்த இரண்டாவதை எடுத்து, பிறகு முதலாவதும் கிடைத்து, கடைசியில் மாமியார் இரண்டையும் வளையத்தில் ஏற்றிவிட்டார். "ரெண்டும் இதுலயே கெடக்கட்டும். தேடற வேலையே இல்ல" என்றார்.

மின்னல் வளையத்தைப் பிரித்து, ஜீப் சாவி ஒன்றை மட்டும் உருவிக்கொண்டார்.

"மிச்சத்தை நீயே வச்சுக்கம்மா. ஒரு வீட்டுல வேலை பாத்துட்டுத் திரும்பினா, பெட்டிச் சாவியைக் காணோம்னு என் பையைத் தலைகீழா உதறிப் பாத்தாங்க. அன்னையிலேருந்து எனக்கு வேண்டியதைத் தவிர வேற சாவியைக் கையால தொடறதில்ல."

அவள் மிச்சத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

கணவன் வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தான். கொழுந்தன் பக்கத்தில் நின்றான். அவன் போன் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவன். லைசென்ஸ் உண்டு. பைக்கைத் தவிர வேறெதையும் ஓட்டி அவள் பார்த்ததில்லை.

"இது என்ன வியாதிண்ணே?" என்று கேட்டான்.

"இம்மொபிலைசர்" என்றார் மின்னல். "கம்பெனியிலேயே வச்சு அனுப்புனது. திருடன் ஓட்டிட்டுப் போகாம இருக்க. சாவித் தலைக்குள்ள அரிசி மாதிரி ஒரு சிப் இருக்கு. பூட்டைச் சுத்தி ஒரு வளையம் இருக்கு. சாவி உள்ள போனதும் வளையம் யாருன்னு கேக்கும். சிப் பேரைச் சொல்லும். பேரு சரியா இருந்தா, உள்ள இருக்கற பெட்டி டீசலைத் தெறந்து விடும். இல்லேன்னா ஸ்டார்ட்டர் எவ்வளவு சுத்துனாலும் ஒரு சொட்டு போகாது."

"அப்போ இப்போ பேரைச் சொல்ல மாட்டேங்குதா?"

"வாயில கோளாறா, காதுல கோளாறான்னுதான் பாக்கணும்."

அவர் பேட்டரி முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஸ்டார்ட் செய்தார். ஓடியது. வண்டிச் சட்டத்தில் முடுக்கியிருந்த எர்த் ஒயரில் துரு ஏறியிருந்தது. சுரண்டி, இறுக்கி, ஸ்டார்ட் செய்தார். ஓடியது. ஸ்டீயரிங் கவரைக் கழற்றினார். பூட்டைச் சுற்றிய வளையத்திலிருந்து வரும் பிளக்கில் பச்சை பூத்திருந்தது. "இதோ ஆளு மாட்டினான்" என்று துடைத்து மாட்டினார். ஓடியது. அதற்கு முன்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்பதால் மாட்டியது ஆள்தானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டேஷுக்கு அடியிலிருந்த கறுப்புப் பெட்டியைத் திறந்து, சந்தேகமான இடங்களில் ஈயம் வைத்தார். கொழுந்தன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான், ஓடியது. கணவன் கட்டையை ஊன்றி வந்து, வெளியில் நின்றபடியே கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகினான். அதற்கும் ஓடியது.

"நானும் ஒரு தடவை போட்டுப் பாக்கறேங்க" என்றாள் அவள்.

"நீ வீட்டுல போட்டா எப்பவும்தான் ஓடுது. மேல போயித்தானே கழுத்தறுக்குது" என்றான் கணவன்.

மாமியார் முறத்தோடு வெளியே வந்தார். "ஏம்ப்பா மின்னலு, என்னதான் ஆச்சாம் வண்டிக்கு?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

"எனக்குத் தெரியும். இவன் ஓட்டுனவரைக்கும் ஒரு நாளு நின்னுச்சா? சில கைக்குச் சில சாமான் ஒத்து வராது. என் தங்கச்சி தொட்ட தையல் மெஷின் ஒண்ணுகூட உருப்பட்டதில்ல."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக எல்லோரும் ஜீப்பைப் பார்த்தார்கள்.

மின்னல் பையைக் கட்டினார். "இப்படியே விட்டுப் பாருங்க. இன்னமும் நின்னா அந்தப் பெட்டியையே வெட்டிப் போட்டுட்டு நேரா ஒயர் இழுத்துடலாம்."

"அதெல்லாம் வேணாம்" என்றான் கணவன். "பம்புல டீசலை அடைக்கற வால்வு மேல இரும்பு மூடி போட்டு, திருக முடியாத போல்ட்டு அடிச்சிருக்கான். அதை உடைக்கப் போயி பம்பு உடைஞ்சா நான் இன்னொரு காலையும் ஒடைச்சுக்கிட்டுப் படுக்க வேண்டியதுதான்."

மின்னல் சாவியை மறுபடி வளையத்தில் கோத்து அவளிடம் தந்தார். "வாங்குன மாதிரியே குடுத்துட்டேன். சரி பாத்துக்க."

அன்று மாலை மேஸ்திரியின் போன் வந்தது. கணவன் நெடுநேரம் உம் கொட்டினான். வைத்த பிறகு, அவள் பக்கம் திரும்பாமல் சொன்னான்: "நாளைக்கு ஒரு நாள் பாக்கறாராம். நின்னுச்சுன்னா தம்பி ஓட்டட்டும். அவன் கடைக்கு லீவு சொல்லிடுவான்."

"நானா?" என்றான் கொழுந்தன்.

"பின்ன பக்கத்து வீட்டுக்காரனா?"

அவள் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் பின்னாலேயே வந்து, தண்ணீர் மோள்வதுபோல் குனிந்தான்.

"அண்ணி, எப்படியாச்சும் அதை ஓட வச்சுடுங்க."

"என் கையிலயா இருக்கு தம்பி?"

"எனக்கு அந்த வளைவெல்லாம் ஆகாது. மூணாவது வளைவுலயே குமட்டும். சின்ன வயசுலேருந்து அப்படித்தான். அண்ணன்கிட்ட சொன்னா ஊரு பூராச் சொல்லிச் சிரிப்பான்." தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் ஜீப் ஏறியது. மேலே வழக்கம்போல வண்டியைத் திருப்பி, மூக்கு பள்ளத்தைப் பார்க்க, இறங்குமுகமாக நிறுத்தினாள். அது கணவன் சொல்லிக்கொடுத்தது. மலையில் எப்போதும் இறங்குமுகமாகத்தான் நிறுத்த வேண்டும், ஸ்டார்ட் ஆகாவிட்டால் உருட்டிவிடலாம். முன்சக்கரத்துக்குக் கல் வைத்தாள். பகல் முழுவதும் ஜல்லி அள்ளுகிற பெண்களோடு தகரக் கொட்டகையின் நிழலில் இருந்தாள்.

சாயங்காலம் ஆட்கள் ஏறி உட்கார்ந்தார்கள். மேஸ்திரி முன்சீட்டில் ஏறினார். அவள் சாவியைப் போட்டுத் திருகினாள்.

கர்ர் கர்ர். சிவப்பு விளக்கு படபடத்தது.

பிடுங்கிப் போட்டாள். மறுபடி அதே.

"கல்லை எடுங்கடா, உருட்டிப் பாக்கலாம்" என்றார் மேஸ்திரி.

கல்லை எடுத்தார்கள். ஜீப் சத்தமில்லாமல் நகர்ந்தது. அவள் இரண்டாவது கியரில் கிளட்சை விட்டாள். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது, இன்ஜின் பிடிக்கவில்லை. டீசலே போகாத இன்ஜினை எத்தனை உருட்டினாலும் ஒன்றுதான். இன்ஜின் ஓடாததால் பிரேக் கல்லாக இறுகியிருந்தது. இரண்டு காலையும் அதன்மேல் ஊன்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வளைவுக்கு முன்னால் நிறுத்தினாள். பின்னால் ஒருத்தரும் ஜோக் அடிக்கவில்லை.

மேஸ்திரி இறங்கி, சட்டையை உதறிக்கொண்டார். "போதும் தங்கச்சி. வீட்டுக்குப் போன் போடு."

கொழுந்தன் மின்னலைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். மின்னல் அவசரப்படாமல் நடந்து வந்து, கை நீட்டினார். கொத்தை வாங்கினார். வளையத்தைப் பிரித்தார். ஜீப் சாவியை உருவிக்கொண்டு மிச்சத்தை அவள் கையில் கொடுத்தார். ஏறி உட்கார்ந்து திருகினார்.

முதல் சுற்றிலேயே ஓடியது.

ஆட்கள் ஓவென்று கத்தினார்கள். "மின்னலு தொட்டாரு, இடி இடிக்குது!"

மேஸ்திரிகூடச் சிரித்துவிட்டார். பிறகு அவளிடம் தாழ்ந்த குரலில், "மனசுல ஒண்ணும் வச்சுக்காதே தங்கச்சி. சிலருக்கு அப்படித்தான் அமையும்" என்றார். கொழுந்தனைப் பார்த்து, "ஏறுப்பா, நீ ஓட்டு" என்றார்.

கொழுந்தன் கல்யாண மண்டபத்தில் வேட்டி அவிழ்ந்தவன்போல நின்றான்.

அவள் ஒதுங்கி நின்றாள். கொத்தை இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கை வலித்தது. விரலை விரித்துப் பார்த்தாள். இரண்டாவது ஜீப் சாவியின் தடித்த பிளாஸ்டிக் தலை உள்ளங்கையில் பள்ளம் பதித்திருந்தது. நேற்றும் அதே இடத்தில்தான் அழுந்தியது. நேற்று வாசலில், பேட்டரி தேய்த்தபோது, பிளக் மாட்டியபோது, கொழுந்தன் போட்டபோது, கணவன் போட்டபோது. வண்டி மற்றவர் கையில் ஓடிய ஒவ்வொரு தடவையும் மிச்சச் சாவிகள் அவள் கையில் இருந்தன. அவள் ஓட்டும்போது மட்டும் அவை வண்டியில் தொங்கின.

"அண்ணே" என்றாள். இன்ஜின் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "அண்ணே, வண்டியை ஆஃப் பண்ணுங்க."

"ஓடுறதை எதுக்கும்மா நிறுத்தச் சொல்றே?" என்றார் மின்னல்.

"ஐயோ, இப்பத்தான் மூச்சு வந்துச்சு" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன்.

"ஆஃப் பண்ணுங்கண்ணே. அந்தச் சாவியைக் குடுங்க."

அவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். இன்ஜின் நின்றது. அவள் சாவியை வாங்கி வளையத்தில், இன்னொரு ஜீப் சாவிக்குப் பக்கத்திலேயே கோத்தாள். கொத்தைக் கொழுந்தனிடம் கொடுத்தாள்.

"தம்பி, நீங்க போடுங்க."

கொழுந்தன் ஏறினான். திருகினான். கர்ர் கர்ர். விளக்கு படபடத்தது. மறுபடி திருகினான்.

"என் கையிலயும் நிக்குது!" என்று கூவினான். மேலே வந்ததிலிருந்து அவன் முகத்தில் களை வந்தது அப்போதுதான். "அண்ணே, பாருங்கண்ணே, என் கையிலயும் நிக்குது!"

மின்னல் ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டார். வண்டி மூக்கைக் கீழே சாய்த்து நின்றதால், கொத்து நேராகத் தொங்காமல் முன்னால் சரிந்திருந்தது. இரண்டாவது ஜீப் சாவி பூட்டின்மேல் படுத்து, அதைச் சுற்றியிருந்த வளையத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு விரலால் அதை மட்டும் பின்னால் இழுத்துப் பிடித்தார்.

"இப்பப் போடு."

விளக்கு அணைந்தது. இன்ஜின் பிடித்தது.

"நிறுத்து. இப்ப விடறேன். போடு."

கர்ர் கர்ர்.

அவர் தலையை வெளியே எடுத்தார். "வளையம் யாருன்னு கேக்குது. ரெண்டு சாவியும் ஒரே நேரத்துல பேரைச் சொல்லுது. ரெண்டு பேரு சேந்து கத்துனா வாட்ச்மேன் யாரைன்னு உள்ள விடுவான்? கதவைச் சாத்திட்டான். வாயிலயும் கோளாறு இல்ல, காதுலயும் கோளாறு இல்ல." பிறகு தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "வேண்டாத சாவியைத் தொடக்கூடாதுன்னு நானே அதைக் கழட்டிக் கழட்டிக் குடுத்துட்டு, வயரை நோண்டிட்டு இருந்திருக்கேன் பாரு. அந்தப் பழக்கமே என் கண்ணை மறைச்சிடுச்சும்மா."

"வீட்டுல ஏன் ஓடுது?" என்று மேஸ்திரி கேட்டார்.

"வீட்டு வாசல் சமதரை. கொத்து நேராத் தொங்கும், ஒட்டாது" என்றாள் அவள். "இங்கயும் நடுவுல வேற சாவி மாட்டிக்கிட்டா ஓடும். இல்லேன்னா ஓடாது."

மேஸ்திரி அவளையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கொழுந்தன் அதற்குள் இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் ஒரு சாவியை உருவிக்கொண்டு ஏறினாள். கொத்தை மேஸ்திரியின் மடியில் வைத்தாள். அடிவாரம்வரை அவர் அதைக் கைக்குழந்தைபோலப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் கொழுந்தன் முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். தேவைக்கு மேலேயே சொல்லியிருந்தான். கணவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மாமியார் பீரோவைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்த இடத்தையே.

அவள் இரண்டாவது ஜீப் சாவியையும் உருவிக்கொண்டு, கொத்தை ஆணியில் மாட்டினாள். மாமியார் வந்து, பார்க்காமலே விரலால் தடவினார்.

"ஜீப் சாவி எங்க?"

"ஒண்ணு எங்கிட்ட இருக்கு அத்தை. இன்னொண்ணை உங்க பீரோவுல வைக்கணும்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

மாமியார் கையை நீட்டினார். "தொலைஞ்சா என்னைக் கேக்கக்கூடாது" என்று சொல்லி, சாவியை வாங்கி, பழைய துணியில் முடிந்து உள்ளே வைத்தார். "என் தங்கச்சி மெஷினையும் யாராச்சும் பிரிச்சுப் பாத்திருக்கலாம்" என்று பீரோவிடம் சொன்னார்.

கணவன் தன் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்தான். வெறும் கயிறு. கட்டுப் போட்ட நாளிலிருந்து அது சும்மாவே இருந்தது. ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டு நீட்டினான்.

"இந்தா. இதுல கோத்துக்க. கட்டைப் பிரிக்கறவரைக்கும்."

அவள் வாங்கிக்கொண்டாள். கடைசியில் அவன் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

மறுநாள் மேலே போய், வண்டியைத் திருப்பி இறங்குமுகமாக நிறுத்தினாள். ஆட்கள் இறங்கிப் போனார்கள். இன்ஜினை அணைத்தாள். சாவியைப் போட்டாள், ஓடியது. அணைத்தாள். மறுபடி போட்டாள். ஓடியது. மறுபடியும்.

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். "எதுக்கு தங்கச்சி டீசலை வீணாக்கறே?"

"சும்மாதாண்ணே" என்றாள். இறங்கி முன்சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.